சரள்மேட்டில் நாலு முட்டை

கரிசலில் இன்னும் ஒரு ஊர்கூட முளைக்காத காலம் அது. நரி, முயல், ஓணான், காடை எல்லாம் அங்கே குடியிருந்தன. எல்லாவற்றுக்கும் பேச்சு உண்டு, பேச்சுத்துணைதான் சரியில்லை. நரி எதையும் முழுசாகச் சொல்லாது. முயலுக்கு நின்று பேச நேரம் இருக்காது. ஓணான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். ஆகையால் அந்தப் பெரிய வெளியில் காற்றுச் சத்தம்தான் அதிகம்.

எங்கள் ஊர் எப்படி உண்டானது என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மேலத்தெருக்காரர்கள் கொம்பையாவின் மூத்த மகன் வழி. கொம்பையா கை நீட்டிய இடத்தில் ஊர் எழுந்தது என்பது அவர்கள் பேச்சு. நான் கீழத்தெரு, கொம்பையாவின் இளைய மருமகள் பேராச்சியின் வழி. கொம்பையா கை நீட்டிய இடத்தில் என்ன நடந்தது என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பெரிய மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் எங்களால் பேச முடியும். அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை.

கொம்பையாவும் அவர் கூட்டத்தாரும் ஆற்றோரத்து ஆட்கள். நெல் விளைவித்துச் சோறு தின்றவர்கள். ஒரு வருஷம் ஆறு தடம் மாறி வேறு பக்கம் போய்விட்டது. வயலில் மணல்தான் மிச்சம். இரண்டு வருஷம் காத்திருந்து பார்த்தார்கள், ஆறு திரும்பவில்லை. சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பினார்கள். ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். வழியில் ஒரு சந்தையில், இனிமேல் போகிற சீமையில் நெல் விளையாது என்று யாரோ சொல்ல, பேராச்சி தன் காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்து விதைச்சோளம் வாங்கினாள். அத்தனை பேருக்கும் இருந்த விதை அவ்வளவுதான். அது முளைத்தால் உண்டு, முளைக்காவிட்டால் திரும்பிப் போக ஊரும் இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள் உச்சிப்பொழுதுக்கு வண்டிகள் ஒரு சரள்மேட்டின் அடியில் வந்து நின்றன. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கருப்பு நிலம், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலை விட்டால் முழங்கால் வரை உள்ளே போகும். அந்த ஒரு மேடு மட்டும் கூழாங்கல்லும் சரளுமாகப் பழுப்பு நிறத்தில் உயர்ந்து நின்றது. மேட்டின் தலையில் ஒரு கிழட்டு வேம்பு.

"இடம் நல்லாத்தான் இருக்கு. குடிசைய மேல போட்டுக்கிட்டு, வெள்ளாமைய கீழ வச்சுக்கலாம்" என்றார் கொம்பையா.

இந்தப் பேச்சு ஒரு தாயின் காதில் விழுந்தது.

மேட்டின் மேல், கல்லோடு கல்லாக நாலு முட்டைகள் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கால், கறுப்புக் கழுத்து, கண்ணோரத்தில் சிவப்பு. அப்போது அதற்குப் பெயர் கிடையாது. குரலும் தாழ்ந்த குரல். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். மரத்தில் கூடு கட்டத் தெரியாது, பொந்தும் கிடையாது. மொட்டை வெளியில் முட்டை வைத்துவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நாளெல்லாம் பதறுவதுதான் அதன் பிழைப்பு.

மனிதக் காலும் மாட்டுக் காலும் வண்டிச் சக்கரமும் மேட்டில் ஏறினால் முட்டை என்ன ஆகும்? பெட்டை மெதுவாக எழுந்து, ஓசைப்படாமல் நடந்து, வேறு எங்கிருந்தோ வருவதுபோல் மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது.

"யாரு நீங்க? எங்கன போறிய?"

"குடியிருக்க இடம் பாக்குதோம்" என்றார் கொம்பையா. "நீ இந்தப் பக்கத்து ஆளா?"

"பெறந்ததுல இருந்து இங்கனதான்."

"அப்ப நீயே சொல்லு. இந்த மேடு எப்படி?"

"மேடா? வெறும் சரளு. கம்பு ஊண்ட முடியாது. தேள் வேற கெடக்கும். அந்தா, கீழ்ப்புறமா ஒரு பள்ளம் தெரியுதுல்லா, அங்கன முள்ளு இல்ல, கல்லு இல்ல, களத்து மாதிரி நெரப்பா இருக்கும். மண்ணும் அங்கதான் நல்ல மண்ணு."

சொன்னதில் பொய் கிடையாது. தேளும் உண்டு, பள்ளத்து மண் பொன்னான மண்ணும்கூட. கொம்பையாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆற்றங்கரைக்காரர் அல்லவா, பள்ளத்தைக் கண்டால் அவருக்குக் கிணறு ஞாபகம் வரும், கிணற்றைக் கண்டால் நெல் ஞாபகம் வரும். ஏழு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பேராச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"மழ பெஞ்சா தண்ணி எங்கன போயி நிக்கும்?"

பெட்டையின் கண் மேட்டுப் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பியது. அந்த வருஷம் கோடை மழை கொட்டப்போகிறது என்று அதற்குத் தெரியும். தெரிந்துதான் பள்ளத்தை விட்டு மேட்டின் உச்சியில் போய் முட்டை வைத்திருந்தது.

"இங்க ஏது தாயி மழ" என்றது.

கொம்பையா கையை நீட்டினார். வண்டிகள் பள்ளத்தில் இறங்கின. மேலத்தெருக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் அந்தக் கை நீட்டல் இதுதான். அடுத்த வளையில் இருந்த முயலுக்குப் பள்ளத்தின் சங்கதி தெரியும். அதனிடம் யாரும் கேட்கவில்லை, அது தானாகப் போய்ச் சொல்கிற ஜாதியும் இல்லை.

பள்ளத்தில் குடிசைகள் எழும்பின. பேராச்சியும் அவள் புருஷன் மந்திரமும் வெடித்த மண்ணைக் கொத்திப் புரட்டினார்கள். மந்திரம் அதிகம் பேசமாட்டான், மாட்டோடு மட்டும்தான் பேசுவான். கட்டியைப் புரட்டினால் அடியில் புழு இருக்கும். தன் ஜோடிச் சேவல் அடையில் உட்காரும் நேரம் பார்த்துப் பெட்டை இரை தேடிப் பள்ளத்துக்கு வரும். பேராச்சி ஒரு கட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டு, "இந்தா, உனக்கு" என்பாள். இப்படித்தான் இரண்டும் சிநேகமாயின.

மிதுக்கங்காய் எங்கே படர்ந்திருக்கும், எந்தக் கீரை கசக்காது, எந்தப் புல்லை மாடு தின்னும் என்றெல்லாம் பெட்டை காட்டிக் கொடுத்தது. பேராச்சி தன் ஆற்றைப் பற்றிச் சொல்வாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று தலைமுழுகுவதைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கும். பெட்டைக்கு அவ்வளவு தண்ணீரை மனதில் கொண்டுவரவே முடியவில்லை, இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கும். பிள்ளை தவழ்ந்து வந்து அதன் மஞ்சள் காலைப் பிடிக்கப் பார்ப்பான். பெட்டை இரண்டு எட்டு நகர்ந்து நிற்கும், பிள்ளை திரும்பவும் வருவான், அது இன்னும் இரண்டு எட்டு நகரும். அதற்கே அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான்.

"உனக்குப் பிள்ளகுட்டி இல்லையா?" என்று ஒரு நாள் பேராச்சி கேட்டாள்.

"இல்ல" என்றது பெட்டை. அன்றைக்கு அதற்கு இரை இறங்கவில்லை.

சித்திரை பிறந்தது. எறும்புகள் வாயில் முட்டையைக் கவ்விக்கொண்டு வேப்பமரத்தில் ஏறின. வடமேற்கில் மத்தியானம் மத்தியானம் கருமேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"போய்ச் சொல்லிரு" என்றது சேவல்.

"இன்னும் ரெண்டு நாள்தான். உள்ள அசையுது. பொரிச்சிட்டா குஞ்சு அதுபாட்டுக்கு எந்திரிச்சு ஓடிரும். அடுத்த நிமிசமே நான் போய்ச் சொல்லிருதேன்."

"மழ உங்கிட்ட கேட்டுட்டா வரும்?"

"இப்பச் சொன்னா இப்பவே மேல ஏறி வந்திருவாக. அத்தன காலுக்கும் நடுவுல நாலு முட்டைய எங்கன கொண்டு வைப்பேன்?"

பெட்டை முட்டைகளைக் காலால் மெல்லத் திருப்பிவிட்டு மேலே உட்கார்ந்தது. அதன் நெஞ்சில் இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு பக்கம் உள்ளே அசையும் நாலு உயிர், இன்னொரு பக்கம் தன் காலைப் பிடிக்கத் தவழ்ந்து வரும் அந்தப் பிள்ளை. மழை இரண்டு நாள் தாமதித்தால் இரண்டும் பிழைக்கும். இரண்டே நாள் கொடு என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மழை அடுத்த நாளே வந்துவிட்டது.

பிற்பகலில் திடீரென்று பொழுது இருண்டது. முதலில் புழுதிக்காற்று. பிறகு இடி. பிறகு ஆளை நிமிரவிடாத மழை. வெடிப்புகள் எல்லாம் முதலில் வாயைத் திறந்து குடித்தன. மண் ஊறி வெடிப்பு மூடியதும், அதற்குமேல் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. நாலாபக்கத்துத் தண்ணீரும் பள்ளத்தைத் தேடி வந்தது. கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். காலை வைத்தால் களிம்பு மாதிரி அப்பிக்கொள்ளும், அடுத்த காலை எடுக்க முடியாது. வண்டிகள் அச்சு வரை புதைந்தன. குடிசைக்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, பிறகு தொடைக்கு.

மந்திரம் விதைப்பானையைத் தலையில் தூக்கிக்கொண்டான். பேராச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். எங்கே போவது? மழையில் எல்லாத் திசையும் ஒரே சாம்பல் நிறம். முன்னால் நின்ற மந்திரத்தின் முதுகுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எம் பின்னால வாங்க" என்று கொம்பையா கையை நீட்டினார்.

பாவம், இரண்டாவது தடவையும் தப்பான பக்கம்தான் நீட்டினார். வடக்கே ஓடை பெருகி வருகிற திசை அது.

மேட்டில் இருந்த பெட்டைக்கு, மின்னல் வெட்டியபோது அவர்கள் வரிசையாக ஓடையைப் பார்த்து நடப்பது தெரிந்தது.

"நீ முட்டை மேல உக்காரு" என்றது சேவலிடம்.

"அத்தன பேரையும் இங்கயா கூட்டிட்டு வரப்போற? மாடும் வருமே."

"வேற மேடு இல்ல."

மழைக்குள் பறந்தது. தன் தாழ்ந்த குரலில் கூப்பிட்டுப் பார்த்தது, இடிச்சத்தத்தில் அதற்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கத்தியது. இன்னும் உரக்க. தொண்டைக்குள் ஏதோ கிழிந்தமாதிரி இருந்தது, அதன்பிறகு ஒரு குரல் வந்தது பாருங்கள், அதுவரை அந்த வெளியில் எந்தப் பறவையும் போடாத சத்தம். கூர்மையாக, விட்டு விட்டு, நிறுத்தாமல், பேராச்சியின் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. கொஞ்சம் மேட்டுப் பக்கம் பறக்கும், திரும்பி வந்து கத்தும், மறுபடி மேட்டுப் பக்கம் பறக்கும்.

"மாமா, அவ கூப்பிடுதா" என்றாள் பேராச்சி. "இந்தப் பக்கம்."

"குருவி பேச்சக் கேட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கோம்."

"நீங்க வாங்க வராம இருங்க. நான் பிள்ளையத் தூக்கிட்டு அவ பின்னால போறேன்."

மந்திரம் பெண்டாட்டியின் பின்னால் நடந்தான். விதைப்பானை அவன் தலையில் இருந்தது. விதை போகிற பக்கம்தானே எல்லாரும் போக வேண்டும்? கொம்பையாவும் மாட்டை இழுத்துக்கொண்டு திரும்பினார். இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த திசையிலேயே நடந்தார்கள். கடைசியில் காலுக்கடியில் சரள் நறநறத்தது.

ஏறியதும் அவர்களுக்கு வேறு எதுவும் நினைவில்லை. அவரவர் பிள்ளையைத் தேடிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். கொம்பையாவின் மாடு ஒன்று மிரண்டு, கயிற்றை உதறிக்கொண்டு நேராக உச்சிக்குப் பாய்ந்தது. அங்கே சேவல் இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் எழுந்து நின்றது. ஒரு சாண் உயரப் பறவை, மாட்டை மறிக்கிறது. மாடு சட்டென்று ஒதுங்கியது. ஒதுங்கிய குளம்பு ஓரமாகக் கிடந்த முட்டையின் மேல் விழுந்தது.

பறந்து வந்து இறங்கிய பெட்டை அதைப் பார்த்தது.

அப்போதுதான் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கல் என்று நினைத்தவை கல் இல்லை. கொம்பையா உடைந்த முட்டையையும் பார்த்தார், உடையாத மூன்றையும் பார்த்தார். மெதுவாக அவருக்கு விளங்கியது.

"எங்கள அந்தப் பள்ளத்துக்குப் போகச் சொன்னது இதுக்குத்தானா?"

"ஆமா" என்றது பெட்டை. குரல் கரகரத்தது. "மழ வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மேட்டுல வச்சேன். உங்க மருமக கேட்டப்ப மழையே இல்லன்னு சொன்னேன்."

கொம்பையாவின் கையில் மாட்டுக்கம்பு இருந்தது. இந்த வயதில் இத்தனை உயிரைக் கொண்டுவந்து சாகக் கொடுக்கப் பார்த்தோமே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தைக் கோபமாகத்தான் அவரால் காட்ட முடிந்தது. கம்பை ஓங்கினார்.

பேராச்சி முட்டைகளின் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்தினாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி மேலே கவிழ்ந்துகொண்டாள். அவள் முதுகுக்குக் கீழே பிள்ளையும் மூன்று முட்டையும். மழை அவள் முதுகில் அறைந்தது.

"அடிக்கணும்னா எம் முதுகுல அடிங்க மாமா."

"ஏ பிள்ள, அவ நம்மளக் கொல்லப் பாத்தவ."

"இந்த மழைக்குள்ள வராம இருந்தா அவளுக்கு நாலும் இருந்திருக்கும். மாட்டையும் மனுசனையும் கூட்டிட்டு அவ முட்டைக்கு நேரா வந்திருக்கா. நானா இருந்தா வந்திருப்பனான்னு எனக்குத் தெரியல." பிறகு தலையைத் திருப்பிப் பெட்டையிடம் சொன்னாள். "பிள்ளகுட்டி இல்லன்னு எங்கிட்டயே சொன்னேல்லா. அதுக்கு உங்கிட்ட அப்புறம் சண்ட போட்டுக்கிடுதேன். இப்ப உள்ள வந்து உக்காரு, குளுந்துபோகும்."

பெட்டை அவள் கைக்கடியில் நுழைந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. கொம்பையா கம்பைக் கீழே போட்டார். பிறகு தோளில் கிடந்த நனைந்த துண்டைப் பிழிந்து, மருமகள் முதுகின் மேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் துண்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மழை விடும்வரை பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

விடியும்போது மழை நின்றிருந்தது. பேராச்சிக்கு இடுப்பு மரத்துப்போயிருந்தது. பெட்டையின் வயிற்றுக்கடியில் டிக் டிக்கென்று சத்தம். ஒன்று பொரித்தது, வெயில் ஏறுவதற்குள் மற்ற இரண்டும் பொரித்தன. ஈரம் காய்ந்ததும் குச்சிக் காலை ஊன்றி எழுந்து ஓடின. பிள்ளை அவற்றின் பின்னால் தவழ்ந்தான்.

கீழே பள்ளம் முழுக்கத் தண்ணீர். குடிசைகளின் தலை மட்டும் தெரிந்தது. மந்திரம் விதைப்பானையைத் திறந்தான். சோளம் முழுக்க ஊறிப் பருத்திருந்தது. கொம்பையா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. நாளைக்கு முளைவிட்டுரும். அதுக்கப்புறம் மாட்டுக்குத்தான் போடணும்."

"ஏன் நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கிய?" என்றது பெட்டை அந்தக் கிழிந்த குரலில். "பள்ளத்த விடுங்க. மேட்டுச் சரிவுல கருப்பு மண்ணு இருக்கு பாருங்க, அங்க தண்ணி வடிஞ்சிருச்சு. ஈரமா இருக்கயிலயே போடுங்க. இந்த மண்ணு குடிச்ச தண்ணிய லேசுல விடாது. நான் இப்பப் பொய் சொல்லல."

கொம்பையா மருமகளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பானையை இடுப்பில் எடுத்து வைத்திருந்தாள். அன்றைக்கே கையால் குழி தோண்டி விதைத்தார்கள். நாலாம் நாள் சரிவெல்லாம் பச்சை ஊசியாக முளைத்து நின்றது. பேராச்சி குத்தவைத்து உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். குடிசைகள் மேட்டில் ஏறின. அதுதான் எங்கள் ஊர்.

அடுத்த பங்குனியில் கொம்பையா சரிவில் கோடை உழவு உழுதுகொண்டிருந்தார். நடு நிலத்தில் பெட்டை உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை அது எழுந்து சுற்றுவழியாக வரவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை. அடியில் நாலு முட்டை இருப்பது தெரியும்படியே உட்கார்ந்திருந்தது. மாடுகள் நெருங்கி வந்தன.

"உலகத்துல வேற எடமே கெடைக்கலயாக்கும் உனக்கு" என்று கொம்பையா சத்தம் போட்டார். நல்ல ஈரம், உழவு பாதியில் நின்றால் கட்டி தட்டிவிடும். வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசிக்கொண்டே கலப்பையைத் தூக்கி, மாட்டை ஒதுக்கி, பெட்டையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறக்கினார். தானியம் புடைக்கிற ஒரு சுளகு அகலத்துக்கு நிலம் உழாமல் கிடந்தது. மூத்த மகன் கேட்டதற்கு, "போன வருசம் எம் மாடு ஒண்ண மிதிச்சிட்டுல்லா" என்று மட்டும் சொன்னார்.

பெட்டையின் குரல் பழையபடி திரும்பவே இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் விட்டு ஒரு தடவை பட்ட பாடு அதற்குப் போதும். அதற்குப் பிறகு அந்த வெளியில் ஆள் தலை தெரிந்தால் சொல்லாமல் இருக்க அதனால் முடியவில்லை. புதுசாக வருகிற ஆள், வழி தவறிய ஆள் என்றில்லை, தினமும் பார்க்கிற எங்களைப் பார்த்தாலும் கத்தும். செம்பைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பக்கம் ஒதுங்கப் போனால்கூட விடாது, ஊருக்கே சொல்லிவிடும். ஆள்காட்டி என்று நாங்கள் வைத்த பெயரை இன்றைக்கு எல்லாச் சீமையிலும் சொல்கிறார்கள். கல்யாணமாகி வருகிற மருமக்கள் முதல் வாரம், "என்ன உங்க ஊர்க் குருவி இப்படி வெரட்டுது" என்பார்கள். அது விரட்டவில்லை, மேட்டுக்கு வா என்று கூப்பிடுகிறது என்று கீழத்தெருவில் யாராவது சொல்லிக் கொடுப்போம்.

அந்தச் சித்திரை மழையிலிருந்துதான் ஆள்காட்டி ஆளைக் கண்டதும் தொண்டை கிழியக் கத்துகிறது. அடுத்த பங்குனியிலிருந்துதான் கரிசலில் ஏர் ஓட்டுகிறவன் அதன் முட்டையைக் கண்டால், எவ்வளவு அவசரமானாலும், ஏசிக்கொண்டாவது கலப்பையைத் தூக்கிச் சுற்றிப் போகிறான்.